ஒன்று காட்டிய பலகை

"உனக்குக் கத்தத் தெரியுமா புள்ள?"

கலியாணமாகி ஒரு கிழமைகூட ஆகாத நாளொன்றில் ஜவுபர் அவளிடம் இப்படிக் கேட்டான். அடுப்பிலிருந்த கேத்தல் சரிந்து கொதிநீர் ஸுல்பிகாவின் பாதத்தில் ஊற்றிவிட்டது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றாள். வாயிலிருந்து சத்தமே வரவில்லை. கேத்தல் விழுந்த ஓசைக்கு ஓடிவந்தவன் காலைப் பார்த்துவிட்டு அவளுக்கும் சேர்த்து அவனே கத்தினான். பிறகு மருந்து தடவும்போது சிரித்துக்கொண்டு கேட்ட கேள்விதான் அது. அவள் பதில் சொல்லவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியாது.

அவன் மௌத்தாகி இரண்டாம் மாதத்தில், வீதியின் மறுபக்கம் நின்ற பலகையில் '1' என்று எரிந்த மாலையில், அந்தக் கேள்வி திரும்பி வந்தது.

மஃரிப் பாங்கு சொல்லி முடிந்த நேரம். சாய்ந்தமருதின் பிரதான வீதி ஒரு நாளில் மூச்சுவிடுவது அப்போது மட்டும்தான். கடைக்காரர்கள் கதவைப் பாதி சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார்கள். முச்சக்கர வண்டிகள் ஓரம் கட்டப்பட்டிருக்கும். கச்சான் காற்று மட்டும் நாவிதன்வெளிப் பக்கத்து வயல்களிலிருந்து வைக்கோல் தூசியை அள்ளிவந்து, தார் வீதியைக் கடந்து, வீடுகளுக்குப் பின்னாலுள்ள கடலில் கொட்டிக்கொண்டிருக்கும். ஸுல்பிகா யன்னல் திரையை ஒரு விரல் அகலத்துக்கு விலக்கிப் பார்த்தாள். இரு பக்கமும் வாகனம் இல்லை. ஆள் இல்லை. நாய்கூட இல்லை.

பலகையில் மஞ்சள் வெளிச்சத்தில் ஒன்று. அணைந்தது. மறுபடி ஒன்று.

அதைக் கொண்டுவந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்துவந்த இரண்டு சில்லுப் பெட்டி. அதன் மேல் சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் தகடு, ஒரு கம்பம், கம்பத்தில் கமெரா, கமெராவுக்குக் கீழே ஆள் உயரத்தில் கறுப்புப் பலகை. தெற்கே அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வரும் வாகனங்களைப் பார்த்தபடி அதை நிறுத்தியிருந்தார்கள். அதற்குச் சற்றுத் தெற்கே, எதிர்ப்பக்கத்திலிருந்த ஸுல்பிகாவின் யன்னலுக்கும் அதன் முகம் நன்றாகத் தெரிந்தது. வாகனம் வர வர அதன் வேகம் பலகையில் விழும். ஐம்பதைத் தாண்டினால் இலக்கம் சிவப்பாகும்.

முதல் நாள் ஊரே அதற்கு விளையாட்டுக் காட்டியது. வேகத்தைக் குறைக்க வைத்த பலகையில் பெரிய இலக்கம் வரவேண்டுமென்று மோட்டார் சைக்கிள் பையன்கள் முறுக்கிக்கொண்டு போனார்கள். பாண் விற்கும் முச்சக்கர வண்டி பாட்டுப் போட்டபடி இருபத்திரண்டில் போனது. பள்ளிக்கூடம் விட்ட சின்னப் பிள்ளைகள் அதன் முன்னால் மூச்சிரைக்க ஓடிப் பார்த்துவிட்டு, "எங்களுக்குக் காட்டுதில்லடா, இது பழுது!" என்று கோபித்துக்கொண்டு போனார்கள்.

உம்மாவுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. "உங்கட மாமாட சைக்கிளுக்குப் பன்னெண்டு காட்டுதாம். மனிசன் பெருமையில மறுகா ஒருக்காத் திரும்பி வந்து போறாரு."

ஸுல்பிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு வந்தது வேறொன்று. வயிற்றுக்குள் தணல்போலக் கிடந்து, சோற்றைக் கண்டால் எரிந்து, படுத்தால் தொண்டைவரை ஏறும் ஒன்று. அதற்குக் கோபம் என்ற பெயரைத் தன்னோடு சேர்த்துச் சொல்லிப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் இடாப்புக் கூப்பிடும்போது "ஓம் டீச்சர்" என்று சொல்லவும் குரல் எழாமல் பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். அப்படிப்பட்டவளுக்குக் கோபமா?

ஆனால் அது கோபம்தான். இந்த வீதியில் நடந்ததைக் கண்ணால் கண்டவள் யன்னலுக்கு இந்தப் பக்கம் வெள்ளை உடுப்போடு இருக்கிறாள். அவளிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, அதனிடம் கேட்கிறார்கள்.

இத்தா முடிய இன்னும் பாதிக் காலம் கிடந்தது. புருஷனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இருக்கவேண்டும். அதை அவள் குறையாக நினைக்கவில்லை. ஜவுபருக்காக இருப்பது அவளுக்கு ஒரு வகையில் ஆறுதலாகவே இருந்தது. ஆனால் பொலிஸார் வாக்குமூலம் எடுக்க வந்தபோது கூடப்பிறந்த மூத்தவரான சப்ரி காக்கா வாசலிலேயே மறித்து, "தங்கச்சி இத்தாவில இருக்கிறா சேர், வெளி ஆம்பிளயளோட கதைக்க ஏலா. அவ ஒண்டும் காணவுமில்ல. நான் சொல்றன், எழுதுங்க" என்றாரே, அது மார்க்கத்தில் இல்லையென்று அவளுக்குத் தெரியும். கண்டதைச் சொல்லவேண்டிய இடத்தில் திரைக்குப் பின்னாலிருந்தாவது சொல்லலாம் என்று தெரியும். மௌலவியிடம் கேட்டால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். கேட்கத்தான் ஆளில்லை.

வந்த பெண்களெல்லாம் "சபூர் செய் மகள், சபூர் செய்" என்றார்கள். பொறுமை என்ற அந்த நல்ல சொல்லை நனைத்த துணிபோல அவள் வாய்க்குள் திணித்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

பலகையில் மூன்றாவது தடவையாக ஒன்று எரிந்தபோது அவள் திரையை விட்டாள். தூசி பட்டிருக்கும். பழுதாக இருக்கும். பள்ளியிலிருந்து ஆட்கள் வெளியே வரும் செருப்புச் சத்தம் கேட்டது. முதல் மோட்டார் சைக்கிள் போனது. வீதி பழையபடி வீதியானது.

அடுத்த மாலையும் அதே நேரத்தில், அதே வெறும் வீதியில், ஒன்று.

இந்தத் தடவை சத்தமும் கேட்டது. கச்சானின் இரைச்சலுக்கு அடியில், தாரும் மணலும் சேரும் ஓரத்தில், பாரமான எதையோ நிலத்தோடு வைத்து இழுப்பதுபோல ஒரு உரசல். கொஞ்சத் தூரம் வந்து, நின்று, மூச்செடுத்து, மறுபடி கொஞ்சத் தூரம். மீன்பெட்டியை இழுத்தால் மரச் சத்தம் கேட்கும். இது மரமில்லை. துணி. துணிக்குள் ஏதோ. அதோடு ஒரு மணம் யன்னல் கம்பிக்குள்ளால் வந்தது. காற்று கடலைப் பார்த்து வீசியும் கடல் மணமில்லை, வைக்கோல் மணமில்லை, சைக்கிள் டியூப்புக்கு ஒட்டுப்போடும் சொலூஷன் மணம். முற்றத்து மூலையில் தகரக் கொட்டிலில் ஜவுபர் சைக்கிள் திருத்திய காலமெல்லாம் அவன் விரலில், சேர்ட்டில், தலையணையில் இருந்த மணம். கொட்டிலை காக்கா பூட்டிச் சாவியைக் கொண்டுபோய் இரண்டு மாதம்.

அவள் பின்னால் நகரவில்லை. நகர முடியவில்லை.

மூன்றாம் மாலை அந்த உரசல் முற்றத்து வேலிப் படலை வரைக்கும் வந்தது.

மறுநாள் பகலில் ஜீப் வந்தது. திருக்கோவில்காரரான கோகிலன் என்பவர்தான் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு. தகட்டைத் துடைத்து, ஏணி வைத்துக் கமெராவைத் திறந்து பார்த்து, வெயிலில் முகம் கறுத்து, தண்ணீர் கேட்டு வாசலுக்கு வந்தார். உம்மா செம்பில் கொடுத்தா. ஸுல்பிகா யன்னலுக்குக் கீழே நிலத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"உம்மா, பின்னேரத்தில இந்த ரோட்டால ஆரும் பாரம் இழுக்கிறவங்களா? வள்ளம், வலை, அப்பிடி?"

"இஞ்ச என்ன வள்ளம் மனே? அதெல்லாம் பின்னால கடக்கரையில. ஏன் கேக்கிறீங்க?"

"ஒண்டு ஒண்டு எண்டு பதிஞ்சு கிடக்கு. அதான் விளங்குதில்ல. பத்துக்குக் கீழ இந்தப் பெட்டி காட்டவே காட்டாது. ஆள் நடந்தா, ஓடினா, மாடு போனா, ஒண்டுக்கும் காட்டாது. வாகனத்துக்கு மட்டும்தான் அமைச்சிருக்கு."

"அப்ப பழுதுபோல."

"பழுதெண்டா எல்லா நேரமும் காட்டவேணுமே. இது பொழுது சாயுற மைமலுக்குள்ள மட்டும்தான். படத்தையும் பார்த்தன்." அவர் மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்தார். "படத்தில ஒருத்தரும் இல்ல. ரோட்டில மட்டும் ஒரு கோடு. ஈரம் மாதிரி. உங்கட படலைக்கு நேரா ஓரத்தில தொடங்கி, நடு ரோட்டில போய் நிக்குது."

உம்மா செம்பைத் திருப்பி வாங்கினா.

"நாளைக்கு விடிய வந்து இத வேற இடத்துக்குக் கொண்டுபோறன்" என்றார் கோகிலன். "உண்மையச் சொன்னா, தனிய நிண்டு திறக்க எனக்கே ஒரு மாதிரிக் கிடக்கு."

ஜீப் போய்விட்டது. ஸுல்பிகா நிலத்திலேயே இருந்தாள். சீமெந்துத் தரையின் சூடு வெள்ளைத் துணிக்குள்ளால் ஏறியது. அவளுக்குக் குளிர்ந்தது.

ஓரத்தில் தொடங்கி, நடு வீதியில்.

அதைக் கண்ணால் அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

அன்றைக்கு ஜவுபர் மஃரிப் தொழுதுவிட்டு வீதியைக் கடந்து முடித்துவிட்டான். தாரைவிட்டு இறங்கி, படலைக்கு நேரே மணலில் நின்று, உள்ளே வர முதல் தொப்பியைக் கழற்றித் தட்டினான். அவள் இந்த யன்னலில்தான் நின்றாள். தெற்கிலிருந்து ஒரு பஸ் வந்தது. அதை முந்திக்கொண்டு, வீதியின் பிழையான பக்கத்தில், ஓரத்து மணலைக் கிளப்பிக்கொண்டு வெள்ளை வேன் வந்தது. அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வந்திருந்தாலும் நேரம் போதாது.

பஸ் நிற்காமல் போய்விட்டது. வேன் கொஞ்சத் தூரம் தள்ளி நின்றது. அதிலிருந்து ஷரிபுதீன் முதலாளி இறங்கி வந்தார். நெல் ஆலைக்காரர். காக்காவுக்கு வேலை கொடுத்திருப்பவர். அவர்களுடைய அதே தாய்வழிக் குடி. அவர் குனிந்து பார்த்தார். ஜவுபரின் கை அவருடைய சாரனைப் பிடித்தது. அவர் அந்தக் கையை விரல் விரலாகக் கழற்றினார். வீதியை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஜவுபரின் இரண்டு கணுக்காலையும் பிடித்து, மணலிலிருந்து தாருக்கும், தாரின் ஓரத்திலிருந்து நடுவுக்கும், நின்று நின்று மூச்செடுத்து, பின்பக்கமாக நடந்து இழுத்தார். சேர்ட் மேலேறி முதுகு உரசியது. நடுவில் விட்டுவிட்டு நிமிர்ந்தபோதுதான் யன்னலில் அவளைக் கண்டார். கண்டுவிட்டு, சுட்டுவிரலை உதட்டில் வைத்தார். சின்னப் பிள்ளையிடம் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு "ஐயோ, நடுவில பாஞ்சிட்டானே!" என்று அவர் போட்ட சத்தத்துக்குத்தான் பள்ளியில் மிச்சமிருந்தவர்கள் ஓடிவந்தார்கள்.

ஒன்று. பாரமான ஓர் ஆளை, உயிரோடு, காலைப் பிடித்து இழுத்துப்போகும் வேகம்.

அன்று இரவே அவள் காக்காவிடம் எழுத்துக்கூட்டிச் சொல்வதுபோலச் சொன்னாள். காக்கா எழும்பிக் கதவைச் சாத்தினார். "மைமலுக்குள்ள உனக்கு என்ன தெரியும்? பயத்தில கண்டிருப்பாய்" என்றார். பிறகு, "ஒரே குடிக்குள்ள பொலிஸ், கோட்டு வழக்கெண்டு போகேலாது. பள்ளி மரைக்கார்மார் கதைச்சு முடிப்பாங்க" என்றார். அவர்கள் கதைத்து முடித்தார்கள். பாய்ந்தது ஜவுபருடைய பிழை. வந்தது நாற்பது வேகம். நடந்தது அல்லாஹ்வின் நாட்டம். நாட்டம் என்ற சொல்லின் பின்னால் ஒரு வெள்ளை வேனை நிறுத்தி மறைத்தார்கள். அவள் கேட்டுக்கொண்டு இருந்தாள்.

இப்போது அவன் தானே வருகிறான். ஒவ்வொரு மாலையும் தன்னைத் தானே இழுத்துக்கொண்டு. யாரிடம்? இந்த யன்னலுக்கு. கத்தத் தெரியுமா என்ற கேள்விக்குப் பதில் கேட்டு.

பின்னேரம் காக்கா வந்தார். புதுச் சேர்ட், அத்தர் மணம். அறைத் திரைக்கு வெளியே நின்று சொன்னார்.

"முதலாளி நாளண்டைக்கு மக்காவுக்கு உம்றா போறாரு. பிழை பொறுக்கச் சொல்லி எல்லார்ட்டயும் பொருத்தம் கேட்டுத்தானே போகோணும். இண்டைக்கு மஃரிபோட நம்மட வீட்ட வாறாரு."

"எதுக்கு?"

காக்கா திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தார். அவள் கேள்வி கேட்டு அவர் கேட்டதில்லை.

"எதுக்கெண்டா? 'பொருந்திக்கிட்டன்' எண்டு ஒரு சொல் சொல்லு. திரைக்குள்ள இருந்தே சொல்லு. அதோட எல்லாம் முடியும்."

"பொலிஸ் வந்த நேரம் எனக்குக் கதைக்க ஏலா எண்டீங்க. இப்ப ஏலுமா காக்கா?"

"என்னகா, வாய் நீளுது?" என்றார் காக்கா. ஆனால் குரல் சிறுத்திருந்தது. "அவர் மனம் நொந்தா என்ட வேலை போயிரும். எனக்கும் மூணு புள்ள. வெளங்குதா?"

குசினியிலிருந்து உம்மா, "விடு சப்ரி. அவ சொல்லுவா" என்றா. யாருக்காகச் சொன்னா என்று தெரியவில்லை.

பாங்கு சொன்னது. வீதி அடங்கியது. கச்சானும் அன்றைக்கு நின்றுவிட்டது. மரத்தில் ஓர் இலை அசையவில்லை. வைக்கோல் தூசி காற்றில் அப்படியே தொங்கி, சாய்ந்த வெளிச்சத்தில் பழுத்த மஞ்சளாகி, பிறகு சாம்பலாகியது. தொழுகை முடிந்ததும் முடியாததுமாக ஷரிபுதீன் முதலாளி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் கதிரை முனகும் சத்தம். அறைத் திரையின் கீழ் விளிம்பில் அவருடைய வெறுங்கால்கள் தெரிந்தன. சுத்தமான, வெள்ளை நகங்கள் வைத்த கால்கள். புழுக்கத்துக்கு முன்கதவு திறந்தே கிடந்தது.

"தங்கச்சி" என்றார். குரல் தேனில் நனைத்திருந்தது. "தெரிஞ்சோ தெரியாமலோ நடந்ததுக்கு என்னப் பொருந்திக்கங்க. நான் நாப்பதிலதான் வந்த. அல்லாஹ்ட எழுத்து."

அவள் வலப்பக்கம் யன்னல். அதன் திரை ஒரு விரல் விலகியிருந்தது.

பலகை இருட்டாக இருந்தது.

"சொல்லு புள்ள" என்றார் காக்கா.

அவள் சொல்லவில்லை. ஒன்பதாம் வகுப்பு. இடாப்பு. அதே தொண்டை.

ஷரிபுதீன் மெல்லச் சிரித்தார். "வெக்கம்போல. பரவால்ல சப்ரி. நிக்காஹ் நேரத்திலயும் பொம்பிளப் புள்ள வாய் திறக்காட்டி, அது சம்மதம்தானே?"

"ஓம் ஓம், அதத்தான் நானும் நினைச்ச" என்றார் காக்கா, விடுதலையோடு.

"அல்ஹம்துலில்லாஹ். பொருந்திக்கிட்டா."

முடிந்துவிட்டது. அவளே மூடிவைத்திருந்த வாய்க்குள் அவர்கள் ஒரு சொல்லை வைத்துவிட்டார்கள். உம்மா சர்பத் கிளாஸ் இரண்டைத் தட்டில் வைக்கும் ஓசை கேட்டது. காக்கா உம்றா விமானம் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். வயிற்றுக்குள் கிடந்த தணல் எழுந்தது. நெஞ்சுக்கு வந்தது.

பலகையில் ஒன்று எரிந்தது.

சொலூஷன் மணம் அறையை நிரப்பியது.

உரசல். தாரில். ஓரத்து மணலில். படலைக் கம்பி முனகித் திறந்தது. காற்றே இல்லை. முற்றத்து மணலில் உரசல். நின்றது. மூச்செடுத்தது. மறுபடி.

யன்னலுக்கு நேரே வந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். என்னிடம்தான். கேட்கப்போகிறான். கம்பிக்கு அப்பால், முழங்கால் உயரத்தில், யாரோ மூச்சு வாங்கினார்கள். ஈரமான மூச்சு.

கேட்கவில்லை. காத்திருந்தது.

"காலப் புடிச்சு இழுத்தீங்க" என்றாள் ஸுல்பிகா.

கூடத்தில் பேச்சு நின்றது.

"என்ன புள்ள?" என்றார் காக்கா.

பிறகு வந்தது அவளுக்கே தெரியாத ஒரு குரல். கூரை ஓட்டில் மோதித் திரும்பிய குரல்.

"மணல்ல கிடந்தவர நடு ரோட்டுக்கு இழுத்தீங்க! உசிரோட இருந்தாரு! உங்கட சாரனப் புடிச்சாரு! விரல் விரலாக் கழட்டினீங்க! நான் பாத்த! இந்த யன்னல்ல நிண்டு பாத்த! பொருந்த மாட்டன்! இஞ்சயும் மாட்டன், மறுமையில மஹ்ஷர்லயும் மாட்டன்!"

தட்டு விழுந்து கிளாஸ் உடைந்தது.

"வாய மூடு!" என்று காக்கா கத்தினார்.

யன்னலுக்கு வெளியே மூச்சு நின்றுவிட்டது. உரசல் திரும்பியது. வாசற்படியில் ஏறியது.

திரையின் விளிம்பில் அந்த வெள்ளைக் கால்கள். அவை நிலத்திலிருந்து எழுந்தன.

இரண்டும் ஒன்றாக. மெதுவாக. கணுக்கால் இரண்டிலும் தோல் உள்ளே அமுங்கியிருந்தது. பத்து இடத்தில். விரல்கள் பதியும் இடத்தில்.

கதிரை பின்னால் சரிந்தது. ஷரிபுதீன் மல்லாந்து விழுந்தார். அவள் அறைத் திரையை முழுதாக இழுத்துத் திறந்தாள். அவர் வாய் அகலத் திறந்திருந்தது, நாக்கு அசைந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் இல்லை. ஒரு துளி இல்லை. கால் முன்னே, தலை பின்னே. கை கதவு நிலையைப் பிடித்தது. அந்த விரல்கள் கழன்றன. ஒன்று. இரண்டு. மூன்று. விரல் விரலாக.

படியில் தலை தட்டிய சத்தம் மட்டும் கேட்டது.

காக்கா சுவரோடு ஒட்டி நின்றார். உம்மா கலிமாவைத் தொடங்கி, முடிக்க முடியாமல், மறுபடி தொடங்கினா.

ஸுல்பிகா யன்னலுக்குப் போனாள். முற்றத்து மணலில் அவர் போய்க்கொண்டிருந்தார். சேர்ட் மேலேறி முதுகு வெளிறித் தெரிந்தது. கொஞ்சத் தூரம். நின்று. கொஞ்சத் தூரம். படலை. ஓரம். தார். நடு வீதி. அங்கே கால்கள் கீழே விழுந்தன. அவர் எழும்பவில்லை. கண் மட்டும் அசைந்து அவளைத் தேடிப் பிடித்தது.

தெற்கில் ஒரு பஸ்ஸின் வெளிச்சம்.

பலகையில் ஒன்று அழிந்தது. அறுபத்தெட்டு. சிவப்பு. எழுபத்தொன்று.

"கத்து புள்ள!" காக்காவின் குரல் உடைந்து கீச்சிட்டது. அவர் சுவரைவிட்டு நகரவில்லை. "பஸ்காரனுக்குக் கேக்கும், கத்து! உன்ட குரல் கேக்கும், கத்து!"

எழுபத்தாறு.

அவளுக்கு இப்போது கத்தத் தெரியும். அவள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வீதியில் கிடந்த அந்தக் கண்களைப் பார்த்தபடி, சுட்டுவிரலைத் தூக்கித் தன் உதட்டில் வைத்தாள்.

பஸ் போனது. மோதிய சத்தம் இல்லை. பிரேக் சத்தம் இல்லை. அதன் பின்வெளிச்சம் கல்முனைப் பக்கம் சிறுத்து மறைந்தது. நடு வீதி வெறுமையாகக் கிடந்தது. ஈரமான ஒரு கோடு மட்டும் புதிதாக, கறுப்பாக, அங்கிருந்து வடக்கே பலகையை நோக்கி நீண்டிருந்தது. பலகைக்கு அப்பால், ஜவுபரை அடக்கிய மையவாடி.

1.

நின்று.

1.

முதலாளியின் செருப்புகள் வாசலில் சோடியாக இருந்தன. அவர் ஒரு சொல்லும் சொல்லாமல் போய்க்கொண்டிருந்தார்.